கேக் தொழிலுக்கு வாடகைக் கிச்சன்: பார்க்க வேண்டியவை, கேட்க வேண்டியவை

வீட்டு ஓடிஜியில் (சிறிய மின்சார ஓவன்) வாரம் ஐந்தாறு கேக் போட்டுக்கொண்டிருப்பவருக்கு ஆர்டர் இருபதைத் தாண்டியதும் முதலில் தோன்றுவது, ஒரு இடம் வாடகைக்குப் பார்த்துவிடலாம் என்பதுதான். அந்த எண்ணம் சரி. ஆனால் பலரும் அங்கிருந்து நேராக "வாடகை எவ்வளவு?" என்ற கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் பார்க்கும் எந்த இடமும் நன்றாகத்தான் தெரியும்.

ஒரு சனிக்கிழமைக்கு 24 கேக், ஒவ்வொன்றும் 1 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பேக்கரிகளில் இருக்கும், இரண்டு ட்ரே பிடிக்கும் ஒற்றை அடுக்கு ஓவனின் (டெக் ஓவன்) உள்தளம் சுமார் 80 செ.மீ.க்கு 60 செ.மீ. இருக்கும். 7 அங்குல டின்களை இடைவெளி விட்டு வைத்தால் 8 நிற்கும். ஆக மூன்று ஈடு. ஒரு ஈடு 170 டிகிரியில் 40 நிமிடம், எடுத்து வைக்க 10 நிமிடம். முதலில் ஓவன் சூடேற 40 நிமிடம். மொத்தம் மூன்று மணி நேரம் பத்து நிமிடம். ஓவன் வேலை அவ்வளவுதான்.

இப்போது மேசை வேலையைக் கணக்கிடுங்கள். ஸ்பாஞ்ச், அதாவது கிரீம் பூசாத கேக், ஆற ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அதை அறுத்து, சிரப் விட்டு, கிரீம் பூசி, குளிரவைத்து, மீண்டும் பூசி, பெயர் எழுதிப் பெட்டியில் போட ஒரு கேக்குக்கு அரை மணி நேரம் என்றாலும் 24 கேக்குக்கு 12 மணி நேரம். இரண்டு பேர் செய்தால் ஆளுக்கு ஆறு மணி நேரம். ஒவ்வொருவருக்கும் ஐந்தடி நீள மேசை வேண்டும். கழுவித் துடைக்க இன்னொரு மணி நேரம்.

முடிந்த கேக்குகள் எங்கே நிற்கும்? 1 கிலோ கேக் பெட்டி 10 அங்குலச் சதுரம், அதாவது 25 செ.மீ. குளிர்பானக் கடைகளில் இருக்கும் கண்ணாடிக் கதவு கூலரின் அடுக்கு உள்ளே 50 செ.மீ. அகலமும் 45 செ.மீ. ஆழமும் இருந்தால், பக்கவாட்டில் இரண்டு பெட்டிதான் நிற்கும். பின்வரிசைக்கு இடமில்லை, 5 செ.மீ. குறைகிறது. ஐந்து அடுக்குக்குப் பத்துப் பெட்டி. அப்படியானால் 24 கேக்குக்கு மூன்று கூலர். ஓவன் தேடிப் போகிறவர்கள் கடைசியில் தவிப்பது இந்த மேசைக்கும் குளிருக்கும்தான். கிரீம் கேக் தொழில் என்றால் ஓவனைவிட ஃப்ரிட்ஜும் ஏசி அறையும்தான் வாடகையைத் தீர்மானிக்கின்றன.

ரொட்டி, பன் என்றால் கணக்கே வேறு. குளிர் வேண்டாம், மாவு பொங்க இடமும் நீண்ட ஓவன் நேரமும் வேண்டும். பிஸ்கட், குக்கீ என்றால் ட்ரே அடுக்கும் ரேக்கும் ஈரம் ஏறாத பேக்கிங் மூலையும் வேண்டும். கடலோர ஊர்களில் ஆறவைத்த குக்கீ திறந்தபடி இருந்தால் சீக்கிரமே மொறுமொறுப்புப் போய்விடும். உங்கள் பொருளுக்கான இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு இடம் பார்க்கக் கிளம்புங்கள்.

எந்த மாதிரி இடம் யாருக்கு?

ஏற்கெனவே நடக்கும் பேக்கரியின் ஓய்வு நேரம்தான் பெரும்பாலும் மலிவு. ரொட்டி, பன் வேலை நள்ளிரவிலோ அதிகாலையிலோ தொடங்கிக் காலையில் முடிந்துவிடும். மதியம் 12 முதல் 4 வரை பல பேக்கரிகளில் ஓவன் சும்மா இருக்கும், சூடும் பாதி இருக்கும். உரிமையாளரிடம் நாள் வாடகை பேசுங்கள், மாஸ்டரிடம் தனியாக மரியாதையாகப் பேசுங்கள். அவருக்குப் பிடிக்காத ஏற்பாடு ஒரு மாதம்கூட நிற்காது. விறகு போடும் செங்கல் ஓவன் என்றால் ஸ்பாஞ்சுக்கு வேண்டாம். வெப்பத்தைப் பத்து டிகிரி கூட்டவோ குறைக்கவோ முடியாது, புகை வாசமும் ஏறும்.

பகிர்வு கிச்சன், கிளவுட் கிச்சன் என்ற பெயரில் சென்னை, கோவை போன்ற நகரங்களில் ஷிஃப்ட் கணக்கிலோ மாதக் கணக்கிலோ இடம் கிடைக்கிறது. வசதிகள் தயாராக இருக்கும். பெரிய ஆபத்து வாசனை. வெண்ணெயும் கிரீமும் பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அடுத்த தடுப்பில் பிரியாணி தாளிப்பவர் இருந்தால், அல்லது மீன் மசாலா தடவிய டப்பா இருக்கும் ஃப்ரிட்ஜிலேயே உங்கள் கிரீமும் இருந்தால், வெனிலா கேக் வெனிலாவாக வீடு போய்ச் சேராது. தனி ஃப்ரிட்ஜ், பூட்டு, தனி எக்ஸாஸ்ட் மூன்றும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கல்யாண மண்டபச் சமையற்கூடத்தை யாரும் நினைப்பதில்லை. கிரீம் கேக்குக்கு அது உதவாது, திறந்தவெளிச் சூடும் புகையும் அதிகம். ஆனால் மார்கழியில் முகூர்த்தம் இல்லை. டிசம்பர் 16 வாக்கில் தொடங்கும் அந்த மாதத்தில்தான் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்கான பிளம் கேக் வேலை உச்சத்தில் இருக்கும். பிளம் கேக்குக்கு ஐசிங்கும் வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம். பெரும்பாலான மண்டபங்களில் த்ரீ ஃபேஸ் மின்சாரம், ஜெனரேட்டர், அகலமான கழுவுமிடம் எல்லாம் உண்டு. ஓவனை மட்டும் வாடகைக்குக் கொண்டுபோனால் இரண்டு வாரத்தில் பெரிய ஆர்டரை முடித்துவிடலாம். அந்த இடத்துக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும் என்பதால் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் நவம்பரிலேயே பேசிவிடுங்கள்.

பொருளை இன்னும் சோதித்துக்கொண்டிருப்பவர்கள் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் தொழில் வளர்ப்பு மையத்தையும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தையும் விசாரிக்கலாம். தினசரி ஆர்டருக்கு அவை சரிவராது. செய்முறையை உறுதிசெய்யவும் பயிற்சி பெறவும் நல்ல இடங்கள்.

கடைசியாக, தனியாக எடுக்கும் தரைத்தள அறை. 10 அடிக்கு 15 அடி போதும், ஆனால் இரண்டாகத் தடுக்க முடிய வேண்டும். ஏன் என்று கீழே சொல்லியிருக்கிறோம்.

தேடுவதற்கு இணைய விளம்பரங்களைவிடப் பேக்கரி மூலப்பொருள் கடைகள் நல்ல வழி. மைதா மூட்டையும் மார்ஜரினும் வாங்குவதை யார் நிறுத்தினார், எந்தக் கடை மூடியது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். சென்னையில் பாரிமுனை, மற்ற ஊர்களில் மொத்தக் கடைத்தெரு. ஓவன் பழுது பார்க்கும் மெக்கானிக்கிடமும் சொல்லிவையுங்கள். மூடிய டீக்கடை பேக்கரி ஒன்று கிடைத்தால் வயரிங், புகைக்கூண்டு, கழுவுதொட்டி எல்லாம் இருக்கும். பாதிச் செலவு மிச்சம்.

இடத்தை நேரில் பார்க்கும்போது

முதலில் மின்சாரம். மீட்டர் பெட்டிக்குப் போய் இணைப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பா, வணிக இணைப்பா, அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்று மின்வாரியத்திடம் உறுதிசெய்யுங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி இரண்டு மடங்கு கட்டணத்தில் கணக்குப் போட்டு வசூலிப்பார்கள். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், மாற்ற அவர்தான் கையெழுத்திட வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பவராக இருந்தால் அந்த விலையை மின்வாரியக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

லோடு கணக்கு எளிது. 2 கிலோவாட் ஓடிஜி இரண்டு, ஒன்றரை டன் ஏசி சுமார் 1.6, மிக்ஸர் 0.5, ஃப்ரிட்ஜ் 0.3. கூட்டினால் 6.4 கிலோவாட். சிங்கிள் ஃபேஸில் இது 28 ஆம்பியர், சாதாரண வீட்டு வயரிங் சூடேறும். 6.6 கிலோவாட் டெக் ஓவன் ஒன்றே சிங்கிள் ஃபேஸில் கிட்டத்தட்ட 29 ஆம்பியர் இழுக்கும். அதே ஓவனுக்கு த்ரீ ஃபேஸில் ஒரு ஃபேஸுக்கு 10 ஆம்பியருக்கும் குறைவுதான். அதனால் டெக் ஓவன் என்றால் த்ரீ ஃபேஸ் கட்டாயம்.

இடத்தை மாலை ஏழு மணிக்கு இன்னொரு முறை போய்ப் பாருங்கள். ஒரு வயர்மேனோடு போய் வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 230 வோல்ட் 200ஆக இறங்கினால் ஓவன் சக்தி முக்கால் பங்காகிவிடும். கதவைத் திறந்து மூடியபின் 170க்குத் திரும்ப நேரமாகும், அதற்குள் கேக் மாவுக் கலவையில் உள்ள காற்று வெளியேறி நடுப்பகுதி குழிந்துவிடும். செய்முறையில் தப்பு என்று நினைத்து பேக்கிங் பவுடரைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. கோளாறு வோல்டேஜில் இருக்கும்.

அடுத்தது சூடு. ஒன்றரை டன் ஏசி சுமார் 5.2 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். 6.6 கிலோவாட் ஓவனை அதே அறையில் வைத்தால் ஏசி தோற்பது கணக்கிலேயே தெரிகிறது. வெண்ணெய் 30 டிகிரியை நெருங்கும்போதே குழைந்துவிடும். ஆகவே ஓவன் ஒரு பக்கம், ஐசிங் ஒரு பக்கம், நடுவே கதவுள்ள தடுப்பு. ஓவன் பக்கம் 12 அங்குல எக்ஸாஸ்ட் விசிறி போடுங்கள், எதிர்ச்சுவரில் காற்று உள்ளே வர வழி விடுங்கள். உள்ளே வரும் காற்று இல்லாவிட்டால் விசிறி சுற்றும், சூடு போகாது. ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை இடங்களைக் கார்த்திகையில் பார்த்து மயங்காதீர்கள், சித்திரையில் அங்கே நிற்க முடியாது. மொட்டைமாடிக்கு நேர் கீழுள்ள அறையும் மேற்குச் சுவர் அறையும் இரவு ஒன்பது வரை அனல் விடும். ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டால் ஐசிங் வேலையை அதிகாலை நான்கு மணிக்கு மாற்றுவதுதான் வழி.

கேஸ் ஓவன் என்றால் 19 கிலோ வணிக சிலிண்டர்தான், வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக்கூடாது. எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் படியும். அதனால் பேஸ்மென்ட் அறை வேண்டவே வேண்டாம். சிலிண்டரை வெளியே கம்பிக் கூண்டில் நிமிர்த்தி வைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். மொத்தம் 100 கிலோ வரை வைக்கத் தனி உரிமம் தேவையில்லை, அதாவது 19 கிலோ சிலிண்டர் ஐந்து.

தண்ணீர்: போர் தண்ணீரா, லாரியா, மாநகராட்சிக் குழாயா? எதுவானாலும் ஒரு பாட்டில் எடுத்துக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500இன்படி பரிசோதனை செய்யுங்கள். கழிவுநீர் இன்னும் முக்கியம். வெண்ணெயும் கிரீமும் வெந்நீரில் கரைந்து போகும், குழாயில் ஆறியதும் மெழுகாக உறையும். மூன்று மாதத்தில் அடைப்பு வரும், கீழ்வீட்டுக்காரரோடு சண்டையும் வரும். தொட்டிக்குக் கீழே கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் சிறு தொட்டி வைக்க இடம் இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை அதை வழித்தெடுக்க வேண்டும்.

டார்ச் அடித்து மூலைகளையும் மேல் அலமாரிகளையும் பாருங்கள். எலிப் புழுக்கை, கரப்பான் முட்டை, பழைய மாவுத்தூளில் வண்டு இருந்தால் தெரிந்துவிடும். 50 கிலோ மைதா மூட்டையைத் தரையிலிருந்து அரையடி உயரத்தில், சுவரை ஒட்டாமல் வைக்க இடம் வேண்டும். வாசலை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். டெக் ஓவன் பல மாடல்களில் நாலடிக்கு மேல் அகலம், வாசல் மூன்றடி. பக்கவாட்டில் திருப்பி நுழைக்கலாம், ஆனால் நடைவழி குறுகலாக வளைந்தால் அதுவும் நடக்காது.

ஒரு கேள்வியைத் தயங்காமல் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: முட்டை சேர்க்கலாமா? சைவக் குடும்பங்கள் வாடகைக்கு விடும் பல இடங்களில் கேக் என்றால் தலையாட்டுவார்கள், முட்டைத் தட்டு வந்து இறங்கும்போதுதான் பிரச்சினை தொடங்கும். உணவு லேபிள் விதிகளிலும் முட்டை சேர்ந்த பொருள் அசைவக் குறியீட்டில்தான் வரும். முட்டை கேக், முட்டையில்லா கேக் இரண்டும் செய்வீர்கள் என்றால் இரண்டு செட் பாத்திரமும் பீட்டரும் வைக்க அலமாரி தேவை.

காகிதங்கள்

உணவுப் பாதுகாப்புப் பதிவு உங்கள் பெயருக்கு மட்டும் கிடைப்பதில்லை, இடத்தோடு சேர்ந்தது. வீட்டில் பேக் செய்யப் பதிவு வாங்கியிருந்தால் அது வாடகைக் கிச்சனுக்குப் பொருந்தாது. ஒரு இடத்தில் பேக் செய்து இன்னொரு இடத்தில் ஐசிங் செய்தால் இரண்டுக்கும் வேண்டும். 2011 விதிமுறைகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை பதிவு, அதற்கு மேல் உரிமம் என்று கோடு போட்டன. இந்த வரம்பும் கட்டணமும் திருத்தப்படுவதுண்டு, விண்ணப்பிக்கும் நாளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) ஃபாஸ்கோஸ் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அடையாளச் சான்று, புகைப்படம், வாடகை ஒப்பந்தம் அல்லது உரிமையாளரின் சம்மதக் கடிதம், மின் கட்டண ரசீது ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். "எங்க நம்பரையே லேபிளில் போட்டுக்கோங்க" என்று சொல்லும் பகிர்வு கிச்சன்களிடம் போகவேண்டாம். கேக்கில் குறை என்று புகார் வந்தால் அந்த 14 இலக்க எண்ணுக்குரியவரைத்தான் தேடுவார்கள், நீங்கள் பதிவில்லாமல் தொழில் செய்தவராகத்தான் தெரிவீர்கள். முகவரி உறுதியாகும் வரை ஆயிரக்கணக்கில் லேபிள் அச்சடிக்காதீர்கள்.

உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம் தனி. கட்டடத்துக்குச் சொத்து வரி எந்த வகையில் கட்டப்படுகிறது என்று வீட்டுக்காரரிடம் ரசீதைக் கேளுங்கள். குடியிருப்பு என்றே இருந்தால், வணிக வரியாக மாறும்போது கூடுதல் தொகை யார் தலையில் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

பணமும் ஒப்பந்தமும்

ஷிஃப்டா, மாத வாடகையா என்று முடிவெடுக்க ஒரு கேக்குக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். ஷிஃப்ட் 2,000, ஆட்டோ 400, ஒரு ஷிஃப்டில் 24 ஸ்பாஞ்ச் என்றால் கேக்குக்கு 100 ரூபாய். மாத வாடகை 15,000, மின்சாரம் 5,000, மாதம் 96 கேக் என்றால் கேக்குக்கு 208 ரூபாய். மாதம் எட்டு, ஒன்பது ஷிஃப்ட் தாண்டும்போதுதான் தனி இடம் கட்டுப்படியாகும். இவை கணக்கு புரிவதற்கான எண்கள், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். அதுவரை நல்ல வழி, ஷிஃப்டில் ஸ்பாஞ்சை மட்டும் போட்டு, ஆறியதும் கிளிங் ஃபிலிமில் (ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுற்றி எடுத்துவந்து, பதிவு பெற்ற வீட்டுக் கிச்சனில் ஐசிங் செய்வது. ஓர் இரவு குளிரில் இருந்த ஸ்பாஞ்ச் தூள் உதிராமல் அறுபடும்.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. பேரம் பேச இது உதவும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் வணிக வாடகையின் மேல் 18 சதவீதம் சேரும். சொல்லும் வாடகை வரியோடா, வரி நீங்கலாகவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் இவை வரிவரியாக இருக்கட்டும்: எக்ஸாஸ்டுக்குச் சுவரில் துளை போட அனுமதி, த்ரீ ஃபேஸ் செலவு யாருடையது, காலி செய்யும்போது அந்த வயரிங் யாருக்கு, பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை வேலை செய்யலாம், டெலிவரி வண்டி எங்கே நிற்கும். குடியிருப்புத் தெருவில் அதிகாலை மிக்ஸர் சத்தமும் இரவில் வண்டிச் சத்தமும்தான் முதல் புகாராக வரும். பகிர்வு கிச்சன் என்றால் ஃப்ரிட்ஜ் இரவு முழுவதும் ஓடுமா, மின்தடையில் ஜெனரேட்டர் ஃப்ரிட்ஜுக்கும் உண்டா என்பதையும் சேருங்கள்.

கையெழுத்துக்கு முன் ஒரு ஷிஃப்ட் பணம் கொடுத்து எடுத்து, உண்மையான ஓர் ஆர்டரைச் செய்து பாருங்கள். ஓவன் தளம் முழுக்க வெள்ளை பிரெட் துண்டுகளைப் பரப்பி 180 டிகிரியில் எட்டு நிமிடம் வையுங்கள். எந்த மூலை கருகுகிறது, எது வெள்ளையாகவே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். நூறு ரூபாய்ப் பொருளில் இதைவிட நல்ல சோதனை இல்லை. ஓவனுக்குள் வைக்கும் தனி வெப்பமானியும் கொண்டுபோங்கள், முகப்பில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். உருகிய வெண்ணெய் ஒரு கிண்ணத்தை அங்குள்ள ஃப்ரிட்ஜில் மூடாமல் ஓர் இரவு வைத்து, காலையில் முகர்ந்து பாருங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதிவையுங்கள். முதல் நாள் போட்ட கணக்கோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், எங்கே காத்திருந்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் மேசைக்காகவோ கழுவுதொட்டிக்காகவோதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். டிசம்பர் 20க்கு மேல் உள்ள நாட்களை மட்டும் அக்டோபரிலேயே எழுத்தில் உறுதிசெய்துவிடுங்கள். அந்தப் பத்து நாளுக்கு எல்லோரும் ஒரே ஓவனைத்தான் கேட்பார்கள்.